ஆடும் பலகை

யோரிஸின் முகத்தைவிட அவன் முதுகைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து சைக்கிளில் அவன் முன்னால், நான் பின்னால். உடனே என்னை அடக்கமான பெண்டாட்டி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டிலும் கடையிலும் என் குரல்தான் ஓங்கியிருக்கும். சைக்கிளில் ஏறினால் மட்டும் அப்படி ஒரு ஏற்பாடு. எங்கள் ஃபிளாண்டர்ஸ் பக்கம் மேட்டைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. முன்னால் போகிறவன் அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டால், அவன் பின்சக்கரத்தை ஒட்டி வருகிறவளுக்குப் பாதி உழைப்பு மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டத்தோடு போவோம். கடைக்கு விடுமுறை நாளில் நாங்கள் இருவர் மட்டும் ஸ்கெல்டே ஆற்றங்கரைப் பாதையில் போவோம். எந்த நாளானாலும் என் கண்ணுக்கு எதிரே இருந்தது அந்த முதுகுதான்.

மேடு வந்தால் யோரிஸ் இருக்கையை விட்டு எழுவான். உடம்பு அசையாது. அடியில் சைக்கிள் மட்டும் வலமும் இடமும் சாயும். வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாயும், அது அவனுக்கே தெரியாது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு அந்த ஆட்டத்தைப் பார்த்தபடியே மேட்டைக் கடந்துவிடுவேன். கோயிலில் சிலருக்கு நிம்மதி கிடைக்குமாம். எனக்கு அந்த முதுகுக்குப் பின்னால் கிடைத்தது.

பிறகு ஒரு குளிர்காலத்தில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துவிட்டான். காதும் ஓரளவு தப்பியது. ஆனால் காதுக்குள்ளே உடம்பை நேராக நிறுத்தும் நரம்பு இரண்டு பக்கமும் செத்துவிட்டது. இனிமேல் கண்ணாலும் பாதத்தாலும்தான் நிற்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வெளிச்சத்தில் தடியூன்றி நடப்பான். விளக்கை அணைத்தால் வெட்டின மரம் மாதிரி விழுவான். சைக்கிளை அவர் பேச்சிலேயே எடுக்கவில்லை. நான்தான் கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல் கணினியைப் பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்றார்.

எங்களுக்குக் கிழங்கு வறுவல் கடை. கடைக்குப் பின்னால் கராஜ். அங்கே கிழங்கு மூட்டைகளுக்கும் பெரிய குளிர்பெட்டிக்கும் நடுவில் அவனுடைய பச்சை சைக்கிள் சுவரில் தொங்கியது. அவன் இல்லாமல் நானும் சவாரிக்குப் போவதை விட்டிருந்தேன். அடுத்த குளிர்காலம் தொடங்கும்போது எங்கள் கிளப்பின் தலைவர் ஃபிர்மின் ஒரு நாள் டிரெய்னர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். சைக்கிளின் பின் அச்சை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தாங்கி அது. அதில் மாட்டிவிட்டால் வீட்டுக்குள்ளேயே மிதிக்கலாம், விழ வழியே இல்லை. ஃபிர்மினுக்கு எழுபது வயது, வாய் மட்டும் இருபது. இனி மழையும் கிடையாது, பஞ்சரும் கிடையாது, நீதான்டா ராஜா என்று யோரிஸின் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ராஜா ஒரு பாட்டு முடிகிற நேரம்கூட உட்காரவில்லை. மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் இறங்கியவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளைக் கிளப்புக்கே கொடுத்துவிடப் போவதாகச் சொன்னான். வசந்தத்தில் கிளப் நடத்தும் சிப்பி விருந்தில் குலுக்கல் பரிசாக வைத்துக்கொள்ளட்டுமாம். யாராவது ஓட்டட்டுமாம். அதைக் கிழங்கு உரிக்கிறவன் குரலில், தோலைக் கூடையில் போடுவது போலச் சொன்னான்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வறுவல் கருகிப் போயிருக்கும். சைக்கிள் போனால் இவன் நாற்காலிதான். நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். முதலில் சன்னல் ஓரம், பிறகு தொலைக்காட்சி ஓரம், பிறகு சுவர் ஓரம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். உள்ளதைச் சொன்னால், எனக்கு வேண்டியிருந்தது அந்த முதுகு. அது என் முன்னால் ஆட வேண்டும், இன்னொரு முறையாவது. கூடவே வாழும் மனிதனுக்காக ஒருத்தி இப்படி ஏங்குவாளா என்றால், ஏங்குவாள். நான் ஏங்கினேன்.

கடை விடுமுறை நாளில் சூப் குடிக்கும்போது அவனிடம் நேராகவே கேட்டேன்.

"அதுல என்னதான் உனக்குப் பிடிக்கல?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அது அசையவே மாட்டேங்குது, லுட். நான் மிதிக்கிறேன், அது கம்பம் மாதிரி நிக்குது. சைக்கிள்னா நம்ம அடியில கொஞ்சம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகும் இல்ல, பதில் சொல்ற மாதிரி. இது பதிலே சொல்லல. செத்த குதிரை மேல உக்காந்திருக்கேன்."

லுட்கார்ட் என்ற என் பெயரை அவன் அப்படித்தான் சுருக்கிக் கூப்பிடுவான். அவன் நோயில் விழுந்த பிறகு ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றைக்குத்தான்.

இந்தக் குறை அவனுக்கு மட்டும் இல்லை என்று தேடிப் பார்த்ததில் தெரிந்தது. மழைக்குப் பயந்து வீட்டுக்குள் மிதிக்கிறவர்கள் உலகம் முழுக்க இதையே புலம்பிக்கொண்டிருந்தார்கள். இடுப்பு வலிக்கிறது, உட்காருமிடம் மரத்துப் போகிறது, வண்டி செத்துக் கிடக்கிறது என்று. சிலர் அதற்கு ஒரு பலகை செய்திருந்தார்கள். தரையில் ஒரு பிளைவுட், அதன் மேல் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நீளவாக்கில் ஒரு கம்பி அச்சு. மேல் பலகை அந்த அச்சில் சீசா போலப் பக்கவாட்டில் ஆடும். ஒரேயடியாகச் சாய்ந்துவிடாமல் இரண்டு ஓரத்திலும் காற்றடைத்த டியூப். டிரெய்னரும் சைக்கிளும் மேல் பலகையில். மிதிக்கும்போது எந்தக் காலில் பலம் போகிறதோ அதற்கேற்ப வண்டி சாய்ந்து, காற்று தள்ள மறுபடி நிமிரும். இதைப் பார்த்ததும், நாலு பலகையை இணைக்கத் தெரியாதா நமக்கு என்று எழுந்துவிட்டேன். கடையைப் புதுப்பித்தபோது கழற்றிய பழைய கவுண்டர் பலகை கராஜிலேயே கிடந்தது. தள்ளுவண்டிச் சக்கரத்து டியூப்கள் வாங்கிவந்தேன்.

அறுக்கும் சத்தம் கேட்டும் யோரிஸ் எட்டிப் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. முதல் தடவை டிரெய்னரை மட்டும் பலகையில் ஏற்றிவிட்டு, முன்சக்கரத்தைத் தரையிலேயே விட்டுவிட்டேன். நானே ஏறி மிதித்தேன். பின்பாதி ஆடியது, முன்பாதி ஆடவில்லை. நடுவில் சைக்கிள் முறுக்கிக்கொண்டு முனகியது. அந்த முனகலுக்கு வந்தான் பாருங்கள். தடிகூட இல்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, அந்தச் சட்டத்தை ஒடிக்கிறதுதான் என் திட்டமா என்று சீறினான். பரிசாகக் கொடுக்கப் போகிற சைக்கிளுக்கு இவ்வளவு கரிசனமா என்று நான் கேட்டேன். பலகையை முன்பக்கம் நீட்டு, முன்சக்கரமும் அதுமேலதான் இருக்கணும், அறிவு வேண்டாமா என்று முணுமுணுத்துவிட்டுப் போனான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்று சும்மாவா சொன்னார்கள்.

அதன் பிறகு அவனே வந்து முக்காலியில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்ல ஆரம்பித்தான். காற்றை நிறைய அடித்தால் பலகை கல்லாக நின்றது. குறைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்துவிட்டு வந்தவன் கதவில் சாய்ந்த மாதிரி அப்படியே கிடந்தது. ஆளின் எடைக்குத் தகுந்தபடி காற்று இருக்க வேண்டும். நோய்க்குப் பின் அவன் எடை எனக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்ல மாட்டான். அவனை மேலே உட்காரவைத்து, நான் மண்டியிட்டு, பம்பால் ஒரு பக்கம் அடிப்பதும் மறுபக்கம் விடுவதுமாக ஒரு முழுப் பகல் போனது. ஹேண்டில்பாரை அவன் இறுகப் பற்றியிருந்தான். கண் எங்கேயாவது ஊன்றி நிற்க வேண்டுமே என்று எதிர்ச் சுவரில் சிவப்பு நாடா ஒன்றை நேராக ஒட்டினேன்.

இப்போது மிதி என்றேன். மிதித்தான். பலகை லேசாக வலது பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, இடது பக்கம் சாய்ந்தது. அவன் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் தோள் இளகியது. பிறகு, நான் சொல்லாமலே, இருக்கையை விட்டு எழுந்தான். நான் எழுந்து அவனுக்குப் பின்னால் போய் நின்றேன். முதுகு இளைத்திருந்தது. பனியன் தொளதொளவென்று தொங்கியது. ஆனால் அடியில் சைக்கிள் வலமும் இடமும் ஆடியது, வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக. நான் அழுதேன். அவனால் திரும்பிப் பார்க்க முடியாது, திரும்பினால் விழுவான். அதனால் நிம்மதியாக அழுதேன்.

செய்தி கிளப்புக்கு எப்படிப் போனதோ, அடுத்த ஞாயிறு சவாரி முடிந்து மொத்தக் கூட்டமும் சேற்றுக் காலோடு கராஜில் நுழைந்துவிட்டது. பீர் பாட்டில்கள் வந்தன. யோரிஸ் சவாரி உடுப்பைப் போட்டுக்கொண்டு மேலே ஏறினான். சுற்றிலும் ஆட்களைப் பார்த்ததும் கொஞ்சம் பெருமையாகவே மிதித்தான். ஒருவன், இந்த மேட்டுக்கு என்னடா பேர் என்றான். இன்னொருவன், குளிர்பெட்டி மேடு என்றான். ஃபிர்மின் பாட்டிலோடு அவன் பக்கத்தில் நின்றிருந்தார். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் சாலையில் இருப்பதைக் கத்திச் சொல்வதும், அதைப் பின்னால் கடத்துவதும் எங்கள் வழக்கம். அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, திடீரென்று சாலையில் கத்துகிற அதே குரலில், "குழி, வலது பக்கம்" என்று ஒரு கத்து கத்தினார்.

யோரிஸின் இடுப்பு இடது பக்கம் வெட்டியது. யோசித்துச் செய்ததல்ல. இத்தனை வருடமும் அந்தக் குரலுக்கு வெட்டிப் பழகிய இடுப்பு. இடது ஓரத்து டியூப் வெடித்தது. டிரெய்னரைப் பலகையோடு நான் கட்டியிருந்த பட்டை அறுந்தது. ஆளும் சைக்கிளும் டிரெய்னரும் ஒரே உருப்படியாகக் கிழங்கு மூட்டைகள் மேல் சாய்ந்தார்கள்.

ஃபிர்மினின் முகம் மாவாக வெளுத்துவிட்டது. யோரிஸ் மூட்டை மேல் பக்கவாட்டில் கிடந்தான், பெடலோடு பூட்டிக்கொள்ளும் சவாரிச் செருப்பு இன்னும் கழலாதபடி, கை இன்னும் ஹேண்டில்பாரில்.

"ஃபிர்மின்," என்றான் அங்கிருந்தபடியே, "குழி ஆழமா இருந்துச்சா?"

பிறகு சிரித்தான். மூட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்தான். அவனைத் தூக்கி நிறுத்தும்வரை சிரிப்பு அடங்கவில்லை. நான் ஃபிர்மினைப் பிடித்து வைத்துக்கொண்டு வைதேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அவன் உடம்பு எதையும் மறக்கலம்மா என்று மட்டும் சொன்னார். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. நரம்புதான் போயிருந்தது, சாலை போகவில்லை. அன்று மாலையே பட்டைக்குப் பதில் போல்ட் போட்டேன். எவ்வளவு சாய்ந்தாலும் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி ஓரங்களில் மரக்கட்டை வைத்தேன். சிப்பி விருந்துக் குலுக்கலுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு பன்றித் தொடைதான் போனது.

அதோடு விட்டேனா. ஆசைக்கு அளவேது. ஃபிர்மினிடம் அவர் செய்த பாவத்துக்குப் பரிகாரமாக இன்னொரு டிரெய்னர் கேட்டு வாங்கினேன். யோரிஸின் பின்சக்கரத்துக்குக் கைநீளத்தில் என் சைக்கிளை அதில் மாட்டினேன். எனக்குப் பலகை இல்லை, வெறும் தரைதான். அது செத்த குதிரையாகவே இருக்கட்டும், எனக்கென்ன. கடை திறப்பதற்கு முன்னால் தினமும் இருவரும் ஏறுவோம். அவன் முன்னால், நான் பின்னால். குளிர்பெட்டியின் உறுமல்தான் எங்களுக்குக் காற்று. பேசிக்கொள்ள மாட்டோம். அவன் எழுவான், வண்டி ஆடும், நான் பார்ப்பேன். ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. எனக்குக் கேட்டது கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இப்படியே சாகும்வரை ஓட்டலாம் என்று நினைத்தேன்.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு. கராஜ் கதவைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தோம். வெயில் உள்ளே விழுந்தது. தெருமுனையில் கிளப் கூட்டம் சேரும் சத்தம் கேட்டது. செருப்பு பெடலில் மாட்டும் சத்தம், ஃபிர்மினின் அதட்டல், யாரோ மூக்குச் சிந்துவது. என் கால் தானாக நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. யோரிஸுக்குப் பின்னால் கண் கிடையாது, ஆனால் பின்னால் வருகிறவரின் சங்கிலிச் சத்தம் நின்றால் முன்னால் போகிறவனுக்குத் தெரிந்துவிடும்.

அவன் முழங்கையை வெளிப்பக்கம் லேசாக ஒரு வெட்டு வெட்டினான்.

சைக்கிள்காரர்களுக்கு அது ஒரு சைகை. முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு போகிறவன், என் முறை முடிந்தது, நீ முன்னால் வா என்று பின்னால் வருகிறவரிடம் சொல்வது. கிளப்பில் எல்லோருக்கும் அவன் அதைக் காட்டியிருக்கிறான். எனக்குக் காட்டியதே இல்லை. எங்கள் மொத்த வாழ்க்கையிலும் ஒரு தடவைகூட இல்லை.

கை பிடித்துக்கொண்டதோ என்று நினைத்தேன். மறுபடியும் காட்டினான்.

முன்னால் எங்கே வருவது, குளிர்பெட்டிக்குள்ளேயா என்று கேட்டேன். அவன் மிதிப்பதை நிறுத்தினான். பலகை நிமிர்ந்து நின்றது. சுவரிலிருந்த சிவப்பு நாடாவைப் பார்த்தபடியே பேசினான்.

"வெளிய போ, லுட்."

"எனக்கு வேண்டாம். எனக்கு இதுதான் வேணும். உன் முதுகு."

"அதத்தான் குளிர்காலம் பூரா பாத்தியே. எனக்காக நீ வண்டிய அசைய வெச்ச. ஆனா நீ கம்பம் மாதிரி உக்காந்திருக்க. பின்னாலேருந்து எனக்குக் கேக்குது."

"தனியாப் போகத் தெரியாது எனக்கு."

"தெரியாதுதான். நான் விடலியே." ஹேண்டில்பாரில் பிடியை மாற்றிக்கொண்டான். "எனக்கும் போகணும்தான். ராத்திரி பகல்னு இல்ல, அந்த ஆத்தங்கரை நெனப்புதான். ஆனா என்னால முடியாது. முடியறவ இங்க உக்காந்து என் முதுகப் பாத்துக்கிட்டிருந்தா, எனக்கு அதத் தாங்க முடியல."

நான் என்னென்னவோ சொன்னேன். திட்டினேன். அவன் மூன்றாம் முறை முழங்கையைக் காட்டினான். என் சைக்கிளைத் தாங்கியிலிருந்து கழற்றினேன். கராஜ் கதவை முழுக்கத் தூக்கினேன்.

தெருமுனையில் என்னைப் பார்த்ததும் கூட்டம் வாயை மூடிக்கொண்டது. ஃபிர்மின் மட்டும் தலையசைத்து, நடுவில் நல்ல மறைவான இடமாகப் பார்த்து எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். ஊருக்குள் அங்கேயே போனேன். முன்னால் அகலமான முதுகுகள் இருந்தன, ஒன்றுகூட என்னுடையது இல்லை. ஆற்றங்கரைப் பாதையில் திரும்பியதும் ஒதுங்கி வெளியே வந்து, ஒவ்வொருவராகக் கடந்து, வரிசையின் முன்னால் போனேன். யாரோ லுட்கார்ட் என்று கூப்பிட்டார். நான் கேட்காதது போலப் போனேன்.

காற்று அடித்தது. அடித்தது என்றால் கையால் அடித்த மாதிரி. கண்ணில் நீர் கொட்டியது, வாயைத் திறந்தால் மூச்சு உள்ளே போகவில்லை, சைக்கிளைப் பின்னுக்குத் தள்ளியது. வண்டி எனக்கடியில் வலமும் இடமும் ஆடியது, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. எனக்கு முன்னால் யாரும் இல்லை. ஆறு இருந்தது, பாதை இருந்தது, காற்று இருந்தது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நான் அவனிடம் சொல்வேன், இன்னிக்குக் காத்தே இல்ல, நல்ல நாள் என்று. வருடக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். அவனும் முகத்தைக் கழுவிக்கொண்டே, ஆமா, நல்ல நாள் என்பான்.

திரும்பி வந்தபோது கராஜ் கதவு திறந்தே இருந்தது. யோரிஸ் பலகைமேல் இருந்தான், மிதிக்கவில்லை, சும்மா உட்கார்ந்து வலமும் இடமும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தான். நான் வரும் சத்தம் கேட்டும் திரும்பவில்லை.

"காத்து எப்படி?" என்றான்.

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவன் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன். பலகை என்னையும் சேர்த்து ஆட்டியது.

"பலமா அடிச்சுது, யோரிஸ்."

"ஆமா," என்றான். "எப்பவும் அப்படித்தான்."